மகளுக்குச் சொல்லவேண்டாம்

ஆரணியின் தாய்க்கு மூன்று பெயர்கள் இருந்தன. முப்பத்து நாலு வயது வரைக்கும் அவற்றில் இரண்டைத்தான் ஆரணி அறிந்திருந்தாள்.

முதலாவது மோல்ஃப்ரிட். கடவுச்சீட்டில் இருந்த பெயர். இரண்டாவது மாலா. அது பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த தமிழ்ப் பெடியள் வைத்தது. நோர்வேயின் வடகோடியில், ஒரு மரம் கூட முளைக்காத அந்தக் கடற்கரை ஊருக்கு எண்பதுகளில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். நாள் முழுக்க நின்றபடி மீன் வெட்டினார்கள். எதிர்வரிசையில் நின்று அவர்களுக்குக் கத்தி பிடிக்கக் காட்டிக்கொடுத்த கறுத்த தலைமயிர்க்காரியின் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே மாலா. அவர்களில் ஒருவரான ஜெயரத்தினம் 1987இல் அவளையே கலியாணம் முடித்தார். கைதடியில் இருந்த அவருடைய தாய் இரண்டு வருடம் அவருக்குக் கடிதம் போடவில்லை. 1988இல் ஆரணி பிறந்தாள்.

ஆரணிக்கு ஏழு வயதானபோது குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்தது. ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடியில் வீடு. தகப்பன் பேருந்து ஓட்டினார், தாய் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்தாள். சனிக்கிழமைகளில் ஆரணி தமிழ்ப் பள்ளிக்கூடம் போனாள். அங்கே பிள்ளைகள் அவளை 'வெள்ளைச்சி' என்றார்கள். திங்கட்கிழமை நோர்வேஜியப் பள்ளிக்கூடத்தில் 'நீ உண்மையில் எந்த நாடு?' என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால் தகப்பன் கோபப்படுவார். தாயோ கழுவிய கோப்பையையே மறுபடி எடுத்துக் கழுவுவாள்.

தாயின் பக்கத்துச் சொந்தம் என்று ஆரணிக்குத் தெரிந்தது ஹால்வார் மாமா ஒருவரைத்தான். அவர் தாயின் தம்பி, பாட்ஸ்பியோர்ட்டில் சொந்தப் படகு வைத்திருந்தார். நத்தாருக்கு உலர்ந்த மீன் அனுப்புவார். அக்காவும் தம்பியும் தொலைபேசியில் காலநிலை பற்றி மட்டும் கதைப்பார்கள்.

2009ஆம் ஆண்டு வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்தபோது ஆரணிக்கு இருபத்தொரு வயது. ஒஸ்லோத் தமிழர்கள் நாள் தவறாமல் பாராளுமன்றத்தின் முன்னால் கூடினார்கள். ஆரணி படிப்பை நிறுத்திவைத்துவிட்டு அங்கேயே கிடந்தாள். அவளுடைய நொஸ்க், அதாவது நோர்வேஜிய மொழி, சுத்தமாக இருந்தபடியால் ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்தார்கள். தொலைக்காட்சிக்காரரிடம் பேசவும் அவளைத்தான் முன்னுக்குத் தள்ளினார்கள்.

ஒருநாள் தாய் ஒரு குடுவையில் கோப்பியோடு வந்தாள். கூட்டத்துக்குள் வரவில்லை. தெருவின் அந்தப் பக்கத்தில் நின்று கையைக் காட்டி மகளைக் கூப்பிட்டாள்.

"இவ்வளவு சத்தமாகச் சொல்லத்தான் வேண்டுமா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். "உன் பெயரை யாராவது எழுதிக்கொள்வார்களே."

"எழுதட்டும். எழுதத்தானே சத்தம் போடுகிறோம்."

தாய் கோப்பியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்கு எங்கள் சனத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று ஆரணி அப்போது நினைத்தாள். அந்த நினைப்பைப் பல வருடம் மனதில் வைத்திருந்தாள்.

மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. கைதடியிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியிருந்த தகப்பனின் தங்கை குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதன் பிறகு நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில், போராட்டத்தில் ஆரணியோடு தோளுக்குத் தோள் நின்ற சிவநாயகி அக்கா, அடுத்த பேச்சாளர் யார் என்ற கதை வந்தபோது, "ஆரணி வேண்டாம், ஒரு முழுத் தமிழ்ப் பிள்ளை கதைச்சால் நல்லது" என்றா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் ஆரணி அதன் பிறகு கூட்டங்களுக்குப் போவதைக் குறைத்து, ஒருநாள் அடியோடு விட்டுவிட்டாள். மருந்தகப் படிப்பை முடித்தாள். ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் இருந்த மருந்துக்கடையில் வேலை கிடைத்தது.

தாய்க்கு மறதி வியாதி தொடங்கியது அறுபத்து நாலு வயதில். முதலில் சாவியை மறந்தாள். பிறகு எந்த மாடி என்பதை மறந்தாள். ஜெயரத்தினம் இரண்டு வருடம் தனியாகப் பார்த்தார். ஒரு பனிக்காலக் காலையில் அவள் செருப்பில்லாமல் சுரங்க ரயில் நிலையத்தில் நின்றாள் என்று பொலிஸ் கூட்டிவந்தது. அதற்குப் பிறகுதான் பராமரிப்பு இல்லத்தில் விடச் சம்மதித்தார்.

அங்கே போய் ஒரு வருடத்துக்குள் அவளுடைய பேச்சு குழம்பிப்போனது. நொஸ்க்கில் தொடங்கிய வசனம் பாதியில் வேறெதுவாகவோ மாறும். பிறகு நொஸ்க்கே இல்லாமல் போயிற்று. தாதிமார் அவளுடைய பதிவேட்டில் 'பொருளற்ற பேச்சு' என்று எழுதினார்கள். ஆரணி போகும்போதெல்லாம் தாய் அவளை நிமிர்ந்து பார்த்து "நெய் டா, நெய் டா" என்பாள். நொஸ்க்கில் அதற்கு 'இல்லை, இல்லை' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் என்னை வேண்டாம் என்று சொல்லத்தான் என்று ஆரணிக்குப் பட்டது. வாசலில் நின்று அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

கடையில் அவளோடு எல்லே என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். வடக்கே கராஷோக்கைச் சேர்ந்தவள், ஆரணியைவிடப் பத்து வயது இளையவள். ஒரு மத்தியான இடைவேளையில் ஆரணி கைத்தொலைபேசியில் தாயின் காணொளி ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லே பாணைக் கடித்த வாயோடு அப்படியே நின்றாள்.

"யார் இது?"

"என் அம்மா. சுகமில்லை. இப்படித்தான் உளறுகிறா."

"உளறவில்லையே" என்றாள் எல்லே. "இது சாமி மொழி. கடற்கரைப் பக்கத்துப் பேச்சு. வலைக்குள் நண்டு வந்துவிட்டது என்று சொல்கிறா."

ஆரணிக்கு முதலில் விளங்கவில்லை. சாமி மக்கள் வடக்கின் பூர்வகுடிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். கலைமான், நீலமும் சிவப்பும் சேர்ந்த உடுப்பு, அவ்வளவுதான். அதற்கும் தன் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்?

"அப்போ இந்த 'நெய் டா'?"

எல்லே காணொளியைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "நெய் டா இல்லை. நியெய்டா. மகள் என்று அர்த்தம். உன்னைக் கூப்பிடுகிறா."

ஆரணி பின்பக்க அறைக்குள் போய், பெட்டிகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்துவிட்டாள். ஒரு வருடமாக அம்மா 'மகளே, மகளே' என்று கூப்பிட்டிருக்கிறா. அவளோ ஒவ்வொரு முறையும் மேலங்கியைக் கழற்றாமலே அரை மணித்தியாலத்தில் எழும்பி வந்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் தகப்பனிடம் சொன்னாள்.

"அம்மா கதைக்கிறது சாமி பாஷையாம், அப்பா."

"எந்தச் சாமி?" ஜெயரத்தினம் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார். அவள் விளக்கிச் சொல்லி முடித்த பிறகு, "எனக்கு அவ சொல்லேல்லை" என்றார். "முப்பத்தைஞ்சு வருசம் பிள்ளை. நான் எண்பத்து மூண்டிலை நடந்தது, ஆமிக் காம்ப்பிலை அடிவாங்கினது, எல்லாம் அவவுக்குச் சொன்னனான். கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. தன்ரை கதையிலை ஒரு சொல்லு சொல்லேல்லை."

அவர் அன்று சாப்பிடவில்லை.

எல்லே கிழமையில் ஒருநாள் வேலை முடிந்து ஆரணியோடு இல்லத்துக்கு வரத் தொடங்கினாள். முதல் நாள் கட்டிலின் அருகில் குனிந்து, சாமி மொழியில் வணக்கம் சொன்னாள். தாய் முகம் மலருவாள் என்று ஆரணி எதிர்பார்த்திருந்தாள். தாயோ இரண்டு கையையும் போர்வைக்குள் ஒளித்தாள். மாதக்கணக்கில் வராத நொஸ்க் அவளுக்கு வந்தது. "நான் பேசவில்லை, டீச்சர்" என்றாள். "நான் இல்லை."

எல்லேயின் முகம் வெளிறிப்போயிற்று. வெளியே வந்த பிறகுதான் சொன்னாள். முன்னைய காலத்தில் சாமிப் பிள்ளைகளை ஏழு வயதில் வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிக்கூடங்களில் போட்டார்கள். அங்கே சாமி பேசினால் தண்டனை. அவர்களை நோர்வேஜியராக்குவதுதான் அரசின் கொள்கை. கடற்கரையில் இருந்த குடும்பங்கள் பல, பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் வரக்கூடாதென்று மொழியையும் பெயரையும் ஒளித்து, கடைசியில் தாங்கள் யார் என்று தங்கள் பிள்ளைகளுக்கே சொல்லாமல் விட்டன.

எல்லே வந்துகொண்டேயிருந்தாள். நாலாவது கிழமை தாய் அவளுக்கு ஒரு சொல் பதில் சொன்னாள். ஆறாவது கிழமை சிரித்தாள். தன் பெயர் மாரெட் என்றாள். அதுதான் மூன்றாவது பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர். ஆரணி ஒரு கொப்பியில் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு "மாரெட்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். தாய் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லே கூப்பிட்டபோது பார்த்தாள்.

ஆரணிக்குள் அணைந்து கிடந்தது மறுபடி பற்றிக்கொண்டது. கிழமையில் ஒரு நாள், அதுவும் ஒரு சிநேகிதியின் தயவில்தானா அம்மா கதைக்க வேண்டும்? ஒஸ்லோவில் எத்தனையோ பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. வடக்கிலிருந்து வந்து இங்கே வயதான சாமிக்காரர்கள் இன்னும் எத்தனை பேர் 'பொருளற்ற பேச்சு' என்ற குறிப்போடு கிடக்கிறார்கள்? இல்லங்களுக்குச் சாமி மொழி தெரிந்த தாதிமார் வேண்டும் என்று நகரசபைக்கு எழுதினாள். பதில் வராதபோது மறுபடி எழுதினாள். கையெழுத்துச் சேர்த்தாள். கலைமான் மேய்ச்சல் நிலத்தில் கட்டிய காற்றாலைகளை எதிர்த்துச் சாமி இளைஞர்கள் அமைச்சின் வாசலில் குந்தியிருந்த நாட்களில் எல்லேயோடு போய், பனியில் அவர்களோடு இருந்தாள். அங்கே ஒருத்தி அவளுடைய மண்ணிறக் கையைப் பார்த்து, "ஆதரவு தர வந்ததற்கு நன்றி" என்றாள். ஆரணி தன்னை விளக்கப் போகவில்லை.

2023 இலையுதிர்காலத்தில் ஒரு பத்திரிகை அவள் எழுதியதைப் போட்டது. தாயின் படமும் பெயரும் பெரிதாக வந்தன. அடுத்தநாள் ஹால்வார் மாமா தொலைபேசி எடுத்தார். இந்த முறை காலநிலை பற்றிக் கேட்கவில்லை.

"யாரைக் கேட்டு எழுதினாய்?"

"என் அம்மாவைப் பற்றித்தானே மாமா எழுதினேன்."

"என் அக்காவும்தான். நாங்கள் நோர்வேஜியர்கள். உன் அம்மாவுக்கு மூளை சுகமில்லை, அதை வைத்து ஊருக்குக் கூத்துக் காட்டாதே. துறைமுகத்தில் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்."

"அவ சாமி பேசுகிறா மாமா. நீங்களும் பேசியிருக்கிறீர்கள்."

"எனக்கு அந்த மொழி தெரியாது" என்று அவர் வைத்துவிட்டார்.

அந்தக் கோபத்தோடு ஆரணி இன்னும் மும்முரமானாள். நகரசபையின் கீழிருந்த மாவட்ட சபைக் கூட்டத்தில் பேச அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். தாய் கதைக்கும் காணொளியைத் திரையில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அதைப் பார்த்தால் யாராலும் மறுக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் எல்லே அவளைக் கடையின் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டாள். இரண்டு நாளாகவே அவள் ஆரணியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

"வியாழக்கிழமை நீ வேலையில் நின்றாய் அல்லவா. நான் தனியாகப் போனேன். உன் அம்மா ஒன்று சொன்னா. சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை."

"சொல்லு."

எல்லே சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். தாய்க்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஏழு வயதுத் தம்பி ஹால்வாரும் அதே விடுதிக்கு வந்தான். ஒரு நொஸ்க் சொல்லும் அவனுக்குத் தெரியாது. சாப்பாட்டு மண்டபத்தில் பால் கேட்கத் தெரியாமல் அழுதான். அவள் மெதுவாக, சாமியில், "கையைக் காட்டிக் கேள்" என்றாள். அவன் "எந்தக் கையை?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். கேட்டவனைத்தான் பிடித்தார்கள். சப்பாத்துகள் வைக்கும் குளிர் அறையில், சாப்பாடு முடியும்வரை வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள். கதவு திறந்தபோது அவன் காற்சட்டையோடு சிறுநீர் போய் நனைந்து நின்றான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் தம்பியோடு அந்த மொழியில் ஒரு சொல் பேசவில்லை.

"இவ்வளவும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தா" என்றாள் எல்லே. "மகளுக்குச் சொல்லவேண்டாம் என்றா. தெரிந்தால் அவளும் பேசுவாள், அவளையும் கொண்டுபோய் அங்கே நிற்கவைப்பார்கள் என்றா."

முன்கூடத்தில் மருந்துச் சீட்டோடு யாரோ நின்றார்கள். ஆரணியே போய் மருந்தை எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகுதான் அழுதாள். தெருவின் அந்தப் பக்கத்தில் கோப்பிக் குடுவையோடு நின்ற தாய்க்கு எதைப் பற்றிக் கவலை இருந்தது என்று பதினாலு வருடம் கழித்து அவளுக்குத் தெரிந்தது.

கூட்டத்தில் அவள் காணொளியைப் போடவில்லை. தாயின் பெயரையும் சொல்லவில்லை. 'சில முதியவர்கள்' என்று பேசினாள். அவளுடைய வாழ்க்கையிலேயே மிக மோசமான பேச்சு அதுதான். ஒரு உறுப்பினர், "உறுதியான உதாரணம் ஏதும் உண்டா?" என்று மரியாதையாகக் கேட்டார். பத்திரிகையில் வந்ததை அவர் வாசிக்கவில்லை போலும். ஆரணி மேசையைப் பார்த்துக்கொண்டு, "இப்போது என்னிடம் இல்லை" என்றாள். விடயம் மேலதிக ஆய்வுக்கென்று தள்ளிவைக்கப்பட்டது. கையெழுத்துச் சேர்க்க அலைந்தவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு அவளோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

தாய் 2024 ஜனவரியில் நியூமோனியா வந்து இறந்தாள். கடைசி மூன்று நாளும் ஜெயரத்தினம் பக்கத்தில் இருந்து, அவளுக்குத் தெரியாத தமிழில் எதையெதையோ கதைத்துக்கொண்டிருந்தார்.

ஹால்வார் மாமா செத்தவீட்டுக்கு விமானத்தில் வந்தார். வாசலில் வைத்தே, "கொடி, சாமி உடுப்பு, பாட்டு ஒன்றும் வேண்டாம்" என்றார். எல்லே சாமி மொழியில் ஒரு தேவாலயப் பாட்டுப் பாடுவதற்கு ஆயத்தமாக வந்திருந்தாள். ஆரணி அவளைத் தனியே கூட்டிப்போய் வேண்டாம் என்றாள். எல்லே தலையை ஆட்டினாள். அவள் கண் கலங்கியது. எல்லாம் நொஸ்க்கிலேயே நடந்தது. தேவாலயத்தில் பாதிப் பேர் தமிழர்கள். சிவநாயகி அக்காவும் வந்து ஆரணியைக் கட்டிப் பிடித்தா.

பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது ஆரணி மாமாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கயிறு இழுபடும் சத்தத்துக்குள் அவர் வாய்க்குள் என்னவோ சொன்னது கேட்டது. நாலைந்து சொல். நொஸ்க் இல்லை. எல்லே தூரத்தில் நின்றாள். என்ன சொன்னார் என்று ஆரணிக்கு விளங்கவில்லை, கேட்க வாயும் வரவில்லை.

பிறகு தேவாலய மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். மாமா அவளுக்கு எதிரே வந்து இருந்தார். கோப்பையைச் சுழற்றிக்கொண்டேயிருந்தார்.

"அந்தப் பெண்ணிடம் அக்கா நிறையக் கதைத்தாளாமே. என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?"

ஆரணி அவருடைய கையைப் பார்த்தாள். கயிறும் உப்புநீரும் தின்ற கை.

"இல்லை மாமா. வலை, நண்டு, கடல், இதுகள்தான்."

அவர் மூச்சை விட்டார். ஆறுதலா ஏமாற்றமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்று பின்னேரமே அவர் விமானமேறிவிட்டார்.

அதே வருடம் நவம்பரில் நோர்வேப் பாராளுமன்றம், நோர்வேஜியராக்கும் கொள்கைக்காகச் சாமி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஆரணியும் தகப்பனும் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

"ஆரிட்டைக் கேக்கினம்?" என்றார் ஜெயரத்தினம். "கேட்க வேண்டிய ஆள் இல்லையே."

"மாமா இருக்கிறார் அப்பா."

"அவர் கேட்டிருப்பாரோ?"

அவள் தொலைபேசியை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள்.

சாமி மக்களுக்கென்று தனியாக ஒரு பாராளுமன்றம் இருக்கிறது. அதற்கு வாக்களிக்க வேண்டுமானால், தன்னைச் சாமி என்று கருதுவதாகவும், தன் குடும்பத்தில் யாருக்குச் சாமி வீட்டுமொழியாக இருந்தது என்பதையும் எழுதிக் கொடுத்துப் பதிய வேண்டும். எல்லே பல தடவை சொன்னாள். ஆரணி ஒன்றரை வருடம் இழுத்தடித்தாள். இன்னொருவர் ஒளித்துவைத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று யோசித்தாள். மற்றப் பக்கத்தால் பார்த்தால், அவளும் ஒளித்தால் அந்த விடுதிக்காரர்கள் நினைத்தது முழுதாக நடந்துவிடும். இரண்டும் சரியாகப் பட்டன. 2025 ஜூனில், பதிவு முடிய இரண்டு நாள் இருக்கையில், மாமாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

"என் பெயர் அதில் வருமா?" என்றார்.

"வராது."

"அப்போ உன் விருப்பம்." பிறகு, "இங்கே இன்றைக்கு நல்ல வெயில்" என்றார்.

செப்டம்பரில் அவள் வாக்களித்தாள். வேலைக்குப் போகும் வழியில், வரிசையில் ஒருவரும் இல்லை. மேசையில் இருந்த மனிதர் அவளுடைய அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்து, "இந்தப் பட்டியலில்தானா?" என்று கேட்டார். ஓம் என்றாள். சீட்டை மடித்துப் போட்டாள். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றாள். எதையோ உணர்வேன் என்று நினைத்து வந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை, அம்மா இல்லை என்பதைத் தவிர.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் மாலை வகுப்புக்குப் போய்ச் சாமி மொழி படிக்கிறாள். வகுப்பிலேயே மெதுவாகப் படிப்பவள் அவள்தான் என்று எல்லே சிரிக்கிறாள். மாவட்ட சபையின் ஆய்வு இன்னும் முடியவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் அவளும் எல்லேயும் மாறி மாறி ஒவ்வொரு இல்லமாகப் போய், வடக்கிலிருந்து வந்தவர்கள் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார்கள். கட்டிலருகே இருந்தால் அவர்கள் பேசுவதில் பாதி ஆரணிக்கு விளங்குவதில்லை. விளங்காவிட்டாலும் மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டு, நேரம் முடியும்வரை இருக்கிறாள்.